கையெழுத்துப் போடுவதற்கு முன்

அன்புள்ள தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதில் ரொம்பச் சந்தோஷம். நிலத்துக்காக அண்ணன்கள் உன்னிடம் கையெழுத்துக் கேட்பதையும் படித்தேன், அதற்குக் கடைசியில் வருகிறேன். இங்கே குறுவை நடவு முடிந்தது, இந்த முறை பாதி வயலில் இயந்திரம்தான் நட்டது.

அதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டும். நாம் வளர்ந்தபோது ஏர் ஓட்டுவது, வரப்பு வெட்டுவது, வரப்போரம் செதுக்கி அண்டை கழிப்பது, நாற்றைப் பறித்துச் சுமப்பது எல்லாம் ஆண்கள், நடவும் களையும் பெண்கள். ஆண்களுக்குப் பலம் அதிகம், அதனால் கூலியும் அதிகம் என்பார்கள். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்தே நிற்பதற்குப் பலம் வேண்டாமா? சரி, பலம்தான் காரணம் என்றால் இயந்திரம் வந்ததும் அந்த வித்தியாசம் போயிருக்க வேண்டுமே. நடவு இயந்திரத்தை ஓட்டுவது ஆண்தான். இடைவெளி விட்டு நடும் திருந்திய நெல் சாகுபடிக்கு, தள்ளிக்கொண்டே களையெடுக்கும் கோனோவீடர் கருவி வந்தபோதும் எங்கள் ஊரில் அதைத் தள்ள ஆண்களைத்தான் கூப்பிட்டார்கள், கையால் களை பறித்த பெண்களுக்குக் கொடுத்ததைவிட அதிகக் கூலிக்கு. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து வைத்துவிட்டால் எதற்கு எது சமம் என்று எங்கே போய்க் கேட்பது? நூறு நாள் வேலை வந்த பிறகுதான் இருவருக்கும் ஒரே கூலி என்பதையே கண்ணால் பார்த்தோம்.

வீட்டுக்குள் வந்தால் அந்தக் கூலியும் கிடையாது. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலைக்குப் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம், ஆண் 88 நிமிடம் செலவிடுவதாக வந்திருக்கிறது. அந்த 88 நிமிடமும் வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரிதான், எதிலும் கை வைக்காதவர்கள் அதில் சேரவில்லை. மாட்டைக் கவனிப்பதும் பால் கறப்பதும் பெண், பால் சொசைட்டிப் புத்தகம் மட்டும் வீட்டுக்காரர் பேரில். பட்டாவும் அப்படித்தான். விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் பணம் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வருகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்க எண்ணிக்கையில் ஏறக்குறைய 14 சதவீதச் சாகுபடி நிலங்கள்தான் பெண்கள் பொறுப்பில் இருந்தன.

அதனால்தான் அண்ணன்கள் உன்னிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று படித்ததும் மனசு பதறியது. சீர் செய்தாயிற்றே என்பார்கள். சீர் வேறு, பங்கு வேறு. தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பங்களின் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு வந்துவிட்டது, அப்போது கல்யாணமாகாதவர்களுக்கு மட்டும் என்று இருந்ததை 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் என்று ஆக்கியது. அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தாலும் உரிமை உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முன்பே பத்திரம் போட்டுப் பாகம் பிரித்திருந்தால் சிக்கல், உங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதானே சொன்னாய்?

அம்மாவோடு சேர்ந்து நீ களை பறித்த நிலம் அது. ஆடி முடிவதற்குள் ஊருக்கு வா, மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் எடுத்து வா, தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், சேர்ந்தே போய்ப் பார்ப்போம். அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
உன் தோழி