அப்பா கேட்ட கணக்கு

ஓஃபன்பாக், ஜெர்மனி
16 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். உங்கள் முட்டி வலி, அம்மாவின் சர்க்கரை, தம்பியின் ஜெர்மன் வகுப்பு மூன்றும் எப்படி இருக்கின்றன என்று விவரமாக எழுதுங்கள். போனில் "பரவாயில்லை" என்று முடித்துவிடுகிறீர்கள். எனக்கு அது போதவில்லை.

வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். முப்பது வருடம் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலையில் பேரேடு எழுதியவருக்கு வாய்க்கணக்கு போதாது என்று எனக்குத் தெரியும். தம்பியையும் என்னைப்போல நர்ஸாக இங்கே அனுப்புவதற்காகச் சேவூர் மனையை விற்கலாமா என்ற யோசனை இதற்குப் பின்னால் இருப்பதும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை இங்கே மளிகைக்கடைகூடத் திறக்காது. எனக்கும் இன்று டியூட்டி இல்லை. காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாதச் சம்பளம் 3,450 யூரோ. வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையில்லாக் காலத்துக்கான காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு எல்லாம் பிடித்ததுபோக 2,280 கைக்கு வருகிறது. இனி பற்று. வீட்டைச் சூடேற்றும் செலவும் தண்ணீரும் சேர்த்து வாடகை 790. மின்சாரம் 45. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு கட்டவேண்டிய ஒலிபரப்புக் கட்டணம் 18.36. போனும் இணையமும் 35. ரயில் பாஸ் 58. சாப்பாடு 310. மிச்சம் 1,020 சொச்சம். அதில் 500 உங்களுக்கு வருகிறது. மீதியில் துணிமணி, மருந்து, ஊருக்கு வர டிக்கெட். வந்த புதிதில் முன்பணமாக மூன்று மாத வாடகை கட்டினேனே, அந்தக் கடன் அடைய ஒரு வருடம் ஆயிற்று.

அந்த ரயில் பாஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கினார்கள், வருகிற ஜனவரியிலிருந்து 63 ஆகிறது. ஆனால் அதிவேக ரயில்களைத் தவிர நாடு முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் அந்த ஒரு பாஸே செல்லும். இரவு டியூட்டி முடிந்து பன்னிரண்டு மணிக்குத் தனியாக ரயில் ஏறுகிறேன். ஒருநாள்கூட யாரும் என்னை முறைத்துப் பார்த்ததில்லை. அம்மாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

மாமா கைக்கு வரும் இந்தச் சம்பளத்தை ரூபாயாக்கி மாதம் இரண்டே கால் லட்சம் என்று ஊரெல்லாம் சொல்கிறாராம். தயவுசெய்து சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வேறு விதமாகக் கணக்குப் போட்டேன். வேலூரில் அந்தத் தனியார் மருத்துவமனையில் எனக்கு மாதம் 16,000 ரூபாய், 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம். மணிக்கு 77 ரூபாய் வருகிறது. இங்கே வாரம் முப்பத்தெட்டரை மணி நேரம். பிடித்தம்போக மணிக்குச் சுமார் 13 யூரோ 65 சென்ட். இதை வைத்துப் பாருங்கள். அங்கே ஒரு கிலோ பொன்னி அரிசிக்கு நான் முக்கால் மணி நேரம் உழைத்தேன். இங்கே இரண்டரை யூரோ அரிசிக்குப் பதினோரு நிமிடம். கத்தரிக்காய் அங்கே அரை மணி நேரம், இங்கே பதினெட்டு நிமிடம். சத்துவாச்சாரியில் நம் கீழ்ப்போர்ஷன் வாடகை 9,000 ரூபாய் என் பழைய சம்பளத்தில் 117 மணி நேரம். இந்த 790 யூரோ 58 மணி நேரம்தான். இந்தக் கடைசி வரியை மூன்று முறை போட்டுச் சரிபார்த்தேன்.

கத்தரிக்காய் என்று எழுதிவிட்டேன். செவ்வாய், வெள்ளி, சனிக்கிழமைகளில் இங்கே வில்ஹெல்ம் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடும். போன சனிக்கிழமை ஒரு கூடையில் கத்தரிக்காய் மின்னிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றும் கை நீளம், கறுப்பு, கண்ணாடிபோல வழவழப்பு. எடுத்துக் காம்பைத் தடவிப் பார்த்தேன், முள் இல்லை. இலவம்பாடிக் கத்தரிக்காயின் காம்பு முள் குத்தி அம்மா விரலை வாயில் வைத்துக்கொள்வது நினைவுக்கு வந்து, அங்கேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். வாங்கி வந்து குழம்பு வைத்தேன். நீர்விட்டுக் கரைந்துபோயிற்று. பதினெட்டு நிமிட உழைப்பில் கிடைக்கிறது, ஆனால் அது அந்தக் கத்தரிக்காய் இல்லை.

மனிதக் கை பட்டால் மட்டும் இங்கே எதற்கும் விலை அதிகம். முடி வெட்ட 30 யூரோ. பேண்ட் மடித்துத் தைக்க 15. குழாய் ஒழுகினால் பழுது பார்க்கிறவர் வந்து நிற்பதற்கே தனியாகக் கொடுக்க வேண்டும். முதலில் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு எங்கள் வார்டைத் துடைக்கும் துருக்கி அம்மாவிடம் பேசிப் பழகினேன். இந்த நாட்டில் மணிக்கு 12.82 யூரோவுக்குக் குறைத்து யாருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது, ஜனவரியிலிருந்து 13.90. அந்த அம்மா வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறார், எங்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வேலூரில் என் வார்டைத் துடைத்த அக்கா படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் தினமும் பார்த்தேன். ஒருநாளும் அது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உங்களிடம் மறைத்த ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். போன மார்ச்சில் எனக்குக் குடல்வால் அறுவை நடந்தது. பயப்படாதீர்கள், முழுக்கக் குணமாகிவிட்டது. ஐந்து நாள் படுத்திருந்தேன். என் கையிலிருந்து கட்டியது நாளுக்குப் பத்து யூரோ, மொத்தம் ஐம்பது. சம்பளமும் நிற்கவில்லை, நோய் என்றால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளம் தரவேண்டும் என்பது இங்கே சட்டம். பில்லைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது உங்கள் பித்தப்பை அறுவைதான். 1,40,000 ரூபாய்க்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிற்றே, அப்பா. மாதாமாதம் அவ்வளவு பிடிக்கிறார்களே என்ற என் வருத்தம் அன்றோடு போய்விட்டது.

ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி மூன்றாம் மாடி ஏறி வந்து கதவைத் திறந்தபோது வீடு இருட்டாக இருந்தது. கஞ்சி வைத்துத் தர ஆள் இல்லை. தையலைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்று ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றேன். அடுத்த வாரம் இலங்கைத் தமிழர் கடைக்குப் போனபோது என் முகத்தைப் பார்த்தே அந்த அக்கா, "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று கேட்டார். கடையிலேயே அழுதுவிட்டேன். இந்தச் செலவை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

அவசரம் இல்லாத நோய்க்கு மட்டும் இங்கே காத்திருந்தே ஆகவேண்டும். கையில் வந்த அரிப்புக்குத் தோல் மருத்துவரைப் பார்க்க மூன்று மாதம் ஆயிற்று. கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகள் ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே அறை எடுத்துத் தங்குகிறார்கள். நமக்கோ அது பஸ்ஸில் கால் மணி நேரம். அங்கே இருந்தவரை அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊரும் தோல் ஊர்தான், அப்பா. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பையும் பர்ஸும் செய்து பேர் வாங்கிய ஊர். 1917-இல் தொடங்கிய தோல் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. உள்ளே போய் ஒரு பழைய செருப்பின் முன் நின்றபோது வாசனையைத் தேடினேன். மெழுகு மணம் வந்தது. உங்கள் சட்டையில் வரும் உப்புத் தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை இல்லை. அந்த வாடை எல்லாம் நம் பக்கம் வந்து சேர்ந்துவிட்டதோ என்று தோன்றியது. இங்கே மைன் ஆறு என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. கரையில் குழந்தைகள் வாத்துக்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். குழாயைத் திறந்து தண்ணீரை அப்படியே குடிக்கிறேன். காய்ச்சுவதில்லை, வடிகட்டுவதில்லை.

1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கழிவுநீரால் மாசு செய்ததற்காகத் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டச் சொன்னதே, அதற்கு உங்கள் கையால் வவுச்சர் எழுதியதாக ஒருமுறை சொன்னீர்கள். "இந்தப் பணத்தில் கிணறு திரும்புமா?" என்று அன்று அம்மாவிடம் கேட்டீர்களாம். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது பாலத்தில் நின்று நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். இங்கே மைன் கரையில் நடக்கும்போதெல்லாம் அதுதான் கண்ணில் நிற்கிறது. நம் ஆற்றுக்கும் இப்படி ஒரு நாள் வரவேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

தம்பி விஷயம். வரட்டும், ஆனால் மனையை விற்காதீர்கள். அவனை இங்கே அனுப்ப ஆறு லட்சம் கேட்கும் அந்த ஏஜென்ட்டுக்கு ஒரு பைசாவும் கொடுக்க வேண்டாம். என் பயணச் செலவை மருத்துவமனைதான் ஏற்றது; ஆள் தேவைப்படுவது அவர்களுக்கு, நாம் ஏன் கொடுக்கவேண்டும்? அவன் செலவழிக்க வேண்டியது காலத்தை. ஜெர்மன் மொழித் தேர்வில் பி2 நிலை தேறாமல் இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது. நான் ஒன்றரை வருடம் படித்தேன். வகுப்புக்கும் தேர்வுக்கும் ஆகும் பணத்தை நான் அனுப்புகிறேன். அவன் வந்தால் எனக்கும் ஒரு கஞ்சி கிடைக்கும்.

இன்னொன்று. இருபது லிட்டர் கேனை நீங்களே மாடிக்குத் தூக்குவதாக அம்மா சொன்னாள். அந்த முட்டியோடு வேண்டாம். கேனுக்கு 40 ரூபாய் கொடுக்கிறீர்கள்; இன்னும் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்து அந்தப் பையனையே மேலே கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். வாரத்துக்கு மூன்று கேன், மாதம் 120 ரூபாய் கூடுதல். அதை என் பேரில் பற்று எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்