பலகார வகைகளின் மறைமுகச் செலவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் சுங்கை சிப்புட் வட்டாரப் பலகாரத் தொழிற்கூடங்களில் பூண்டு முறுக்கு, கறிவேப்பிலை முறுக்கு, சீஸ் முறுக்கு எனப் புதுப்புது வகைகள் முளைக்கின்றன. இதை வளர்ச்சி என்றே பலரும் பாராட்டுகின்றனர். அத்தகைய கூடமொன்றில் உற்பத்தி மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

கச்சாங் பூத்தே எனும் கடலைக் கலவை நொறுக்குத்தீனியைப் பொட்டலமிட்ட இயந்திரத்தில் அடுத்துச் சாதா முறுக்கை ஓட்ட வேண்டுமானால், இடுக்குகளில் தங்கிய கடலைத் தூள்வரை துடைத்தெடுக்க வேண்டும். நிலக்கடலை இருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும் என்பது மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறை. குறிப்பிடாத உறைக்குள் அது போய்விடக் கூடாது. பிறகு உறைச் சுருளை மாற்றி, தேதி முத்திரையைத் திருத்தி, ஒட்டு சரியாக விழும்வரை முதல் சில பொட்டலங்களைக் கழித்துவிட வேண்டும். அந்நேரம் முழுவதும் சம்பளம் ஓடும், சரக்கு வெளிவராது. மாத முடிவில் கணக்கர் இச்செலவை மொத்த எடைக்கும் சமமாகப் பங்கிடுவதால், நாள் முழுக்க நிற்காமல் ஓடும் சாதா முறுக்கின் தலையில் எப்போதாவது சிறிதளவு போடும் சீஸ் முறுக்கின் செலவும் விழுகிறது. நட்டத்தில் ஓடும் வகை தாளில் இலாபம் காட்டுகிறது; விலை ஏறுவதோ சாதா முறுக்குக்கு.

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர் ரப்பர் ஷீட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலத்தை அறிவர். 1965இல் வந்த எஸ்எம்ஆர் எனும் மலேசிய ரப்பர் தரமுறையோ, அழுக்கு, சாம்பல் போன்றவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து, வாங்குபவரின் தேவைக்கேற்ப வகை பிரித்தது. முறுக்கு வகைகளையும் அப்படிச் செலவை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வகைகளைக் குறைப்பதே ஒரே வழி என்று நான் கூறவில்லை. 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் அழுத்த இயந்திரத்தில் தகட்டுக்கு வடிவம் தரும் அச்சை மாற்ற ஆன நான்கு மணி நேரத்தை, ஜப்பானியத் தொழில்துறைப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் ஆலோசனைப்படி மூன்று நிமிடமாகக் குறைத்தனர். இயந்திரம் ஓடும்போதே முடிக்கக்கூடிய ஆயத்தங்களை முன்கூட்டியே முடித்ததே இதில் முக்கியம். எங்களைப் போன்றோர் ஒரே மாவில் பிழிந்து பொரித்து, கடைசியில் மசாலா தூவி வகை பிரிக்கலாம். (பூண்டை மாவிலேயே அரைத்துச் சேர்த்தால்தான் ருசி என்பார் எங்கள் அடுப்படி அக்கா, அதுவும் உண்மைதான்.)

சிறுதொழில் பயிற்சி வகுப்புகளில் உறை வடிவமைப்புக்கும் விளம்பரத்துக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது வகைவாரிச் செலவுக் கணக்குக்கு ஒதுக்குமாறு, அவற்றை நடத்துவோரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உற்பத்தி மேற்பார்வையாளர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.