இடம் மாறிய ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன்

மினியாபொலிஸ்,
ஜூலை 19

அன்புள்ள கோமு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இன்னொன்றும் எழுதியிருந்தாய். சுரங்கம் விழுங்கிவிட்ட உன் தாத்தா ஊரைப் பற்றி ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்ததாகவும், இல்லாத ஊரைப் பற்றி யார் படிக்கப் போகிறார்கள் என்று நாலு பக்கத்தோடு மூடி வைத்துவிட்டதாகவும். அந்த வரிக்கு என்ன பதில் எழுதுவதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாளே மகளும் மாப்பிள்ளையும் வடக்கே ஒரு வாரச் சுற்றுலாவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நேற்று ராத்திரிதான் திரும்பினோம். இன்று காலை காபி குடித்த கையோடு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அமெரிக்காவில் இந்த மின்னசோட்டா மாநிலம் என்றால் பனி என்றுதானே நாம் நினைத்திருந்தோம். ஜூலையில் வந்து பார்க்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கிறது. எங்கே திரும்பினாலும் தண்ணீர், பச்சை. கொசுவும் உண்டு, நம்மூர்க் கொசுவைவிடப் பெரியது. ஏழெட்டு மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்கள் எல்லாரும் படகையும் கூடாரத்தையும் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வடக்கே போகிறார்கள். நாங்களும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டோம்.

முதலில் நிறுத்தியது ஹிங்க்லி என்ற சின்ன ஊரில். பழைய மாதிரியில் கட்டிய ரயில் நிலையத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1894 செப்டம்பர் 1 அன்று இந்த ஊர் ஒரே பிற்பகலில் எரிந்து போனது. அதற்கு முன் பல வருடங்களாகப் பைன் மரங்களை வெட்டி எடுத்துக்கொண்டு, கிளைகளையும் சுள்ளிகளையும் காட்டிலேயே விட்டுவிட்டார்கள். அந்தக் கோடையில் மழையும் இல்லை. அங்கங்கே புகைந்துகொண்டிருந்த தீ காற்றில் ஒன்றுசேர்ந்து சூறாவளி மாதிரி வந்திருக்கிறது. நானூறு பேருக்கு மேல் செத்தார்கள். தந்தி அலுவலகத்தில் இருந்த தாமஸ் டன் கடைசிவரை கருவியை விட்டு நகரவில்லை. 'அதிக நேரம் இருந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்' என்பதுதான் அவர் கடைசியாக அனுப்பிய சேதி என்கிறார்கள்.

டுலூத்திலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலின் ஓட்டுநர் ஜேம்ஸ் ரூட், எதிரே தீயும் தீயிலிருந்து ஓடிவரும் ஜனங்களும் வருவதைப் பார்த்து, அவர்களை ஏற்றிக்கொண்டு ரயிலைப் பின்னாலேயே ஓட்டிப்போய் ஆழமில்லாத ஒரு சேற்று ஏரியில் எல்லாரையும் இறக்கிவிட்டிருக்கிறார். பெட்டிகள் எரிந்துகொண்டிருந்தபோது உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, குழந்தைகளைத் தேற்றிக்கொண்டிருந்தவர் ஜான் பிளேர் என்ற கறுப்பினப் பணியாளர். ரூட்டின் பெயர் எல்லாருக்கும் தெரியும். பிளேரின் பெயரையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

அப்புறம் டுலூத். மலைச்சரிவில் ரோடு இறங்கும்போது திடீரென்று முன்னால் ஏரி தெரிகிறது. சுப்பீரியர் ஏரியை ஏரி என்று சொல்ல வாயே வரவில்லை, கோமு. மறுகரை கிடையாது. பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நன்னீர் ஏரி, 82,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் பாதியைவிடப் பெரிது! மினியாபொலிஸில் வியர்த்துக்கொண்டிருந்தோம், இங்கே ஸ்வெட்டர் தேட வேண்டியிருந்தது. பேரன் தண்ணீரில் காலை வைத்துவிட்டு ஓவென்று கத்தினான்.

துறைமுக வாய்க்காலின் மேல் ஒரு தூக்குப் பாலம் இருக்கிறது. 1905-இல் கட்டியபோது அது பாலமே இல்லை. மேலே இரும்புச் சட்டம், அதிலிருந்து தொங்கும் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிதான் ஆட்களையும் வண்டிகளையும் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது. கார்கள் பெருகியதும் 1929-30-இல் சாலையையே அப்படியே மேலே தூக்குகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். கப்பல் வரும்போது சங்கு ஊதுகிறது, பாலம் பதிலுக்கு ஊதுகிறது, கரையில் நிற்கிறவர்கள் கை ஆட்டுகிறார்கள். கால் கிலோமீட்டர் நீளத்துக்கு மேல் இருக்கும் கப்பல், கை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு பக்கத்தில் போனது. மாப்பிள்ளை சொன்னார், இரும்புத்தாது ஏற்ற வந்திருக்கிறதென்று. அந்தத் தாது எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அதனால்தான் எங்கள் பயணம் ஹிப்பிங் பக்கம் திரும்பியது. அதற்கு வருகிறேன்.

டுலூத்தில் இன்னொரு இடத்துக்கும் போனோம். ஊர் நடுவில், ஒரு தெருமுனைச் சுவர். 1920 ஜூன் 15 அன்று எலையஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்ஸன், ஐஸக் மெகீ என்ற மூன்று கறுப்பின இளைஞர்களை, சர்க்கஸில் வேலை பார்த்தவர்களை, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த கும்பல் காவல் நிலையத்திலிருந்து இழுத்துவந்து விளக்குக் கம்பத்தில் தூக்கில் போட்டது. ஒரு பெண்ணைக் கெடுத்தார்கள் என்று குற்றச்சாட்டு. அந்தப் பெண்ணைப் பரிசோதித்த மருத்துவர் அதற்கான அடையாளம் எதையும் காணவில்லை. கொலையைப் படம் எடுத்துத் தபால் அட்டையாக விற்றிருக்கிறார்கள். அதற்கப்புறம் ஊரே வாயை மூடிக்கொண்டது. 1991 வரை அவர்கள் கல்லறைகளில் பெயர்கூட இல்லை. 2003-இல்தான் அந்த முனையில் மூன்று பேரின் உருவத்தையும் சுவரில் செதுக்கி நினைவிடம் கட்டினார்கள். மகள் பேரனிடம் அதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் அந்த மூன்று பெயர்களையும் வாய்விட்டுப் படித்தான்.

வடக்குக் கரையோரமாகப் போனால் ஸ்பிலிட் ராக் கலங்கரை விளக்கம். செங்குத்தான பாறையின் உச்சியில் நிற்கிறது. 1905 நவம்பரில் அடித்த ஒரு புயலில் இந்த ஏரியில் முப்பது கப்பல்கள் வரை சேதமாயின. மட்டாஃபா என்ற கப்பல் டுலூத் துறைமுக வாசலிலேயே உடைந்து நின்றது. கரையில் ஊரே தீ மூட்டிக்கொண்டு விடிய விடியக் காத்து நின்றும், ஒன்பது பேர் கண்ணெதிரே குளிரில் விறைத்துச் செத்தார்கள். அதற்கப்புறம்தான் 1910-இல் இந்த விளக்கை ஏற்றினார்கள். அப்போது இங்கே ரோடு கிடையாது. செங்கல் முதல் கண்ணாடி வரை எல்லாவற்றையும் படகில் கொண்டுவந்து பாறைக்கு மேலே கயிறு கட்டித் தூக்கியிருக்கிறார்கள். 1969-இல் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஆனாலும் ஒவ்வொரு நவம்பர் 10-ம் தேதியும் ஏற்றுகிறார்கள். 1975-இல் அதே தேதியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற தாதுக் கப்பல் 29 பேரோடு இந்த ஏரியில் மூழ்கியது. அன்று இருட்டியதும் 29 பேரின் பெயரையும் வாசித்து மணி அடித்துவிட்டு விளக்கை ஏற்றுவார்களாம்.

சரி, இப்போது ஹிப்பிங்.

டுலூத்துக்கு வடமேற்கே 120 கிலோமீட்டர். 1890-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் ஹிப்பிங் என்ற ஜெர்மன்காரர் கடும் குளிரில் கூடாரத்திலிருந்து வெளியே வந்து, 'எனக்குக் கீழே இரும்பு இருக்கிறது, என் எலும்பெல்லாம் துருப்பிடித்த மாதிரி இருக்கிறது' என்றாராம். ஊர் சொல்லும் கதை. 1893-இல் ஊர் உண்டானது. ஃபின்லாந்து, இத்தாலி, ஸ்லோவேனியா, குரோவேஷியா என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து தோண்டினார்கள். தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது, ஊர் உட்கார்ந்திருப்பதே தாதுவின் மேல் என்று. பள்ளம் மூன்று பக்கமும் வந்து முட்டியது. 1919-இல் ஊரைத் தூக்கித் தெற்கே மூன்று கிலோமீட்டர் தள்ளி வைக்க ஆரம்பித்தார்கள். ஆமாம், தூக்கி. வீடுகளுக்கு அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து, குதிரைகளும் நீராவி இயந்திரமும் பூட்டி உருட்டிக்கொண்டே போனார்கள். கிட்டத்தட்ட 200 கட்டடங்கள். செல்லர்ஸ் ஹோட்டல் மட்டும் வழியில் கட்டையிலிருந்து சரிந்து நொறுங்கிப்போனது. எல்லாம் முடிய நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தேன். ஐந்து கிலோமீட்டர் நீளம், மூன்று கிலோமீட்டர் அகலம், 535 அடி ஆழம். சிவப்பும் ஊதாவுமாகப் படிக்கட்டு படிக்கட்டாக இறங்குகிறது. தூரத்தில் லாரிகள் எறும்பு மாதிரி. இரண்டு உலகப் போர்களின்போதும் அமெரிக்கா வெட்டி எடுத்த இரும்புத்தாதுவில் கால்வாசி வரை இந்த ஒரு பள்ளம்தான் கொடுத்ததாம். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு உன் குரல் கேட்டது. ஹாஸ்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சுரங்கத்தைக் காட்டி நீ சொன்னாயே: "அந்தப் பள்ளத்துக்கு மேலே, வெறும் காற்றாக இருக்கிறது பார், அங்கேதான் எங்க தாத்தா வீட்டுத் திண்ணை." அப்போது நமக்குப் பதினெட்டு வயது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் வேர்க்கடலைப் பொட்டலத்தை உன் கையில் கொடுத்தேன்.

அந்த ஊரில் நான் அதிக நேரம் இருந்தது பழைய வடக்கு ஹிப்பிங்கில். பள்ளம் விழுங்காமல் விட்ட மிச்சம் கொஞ்சம் இருக்கிறது. தெருக்கள் அப்படியே இருக்கின்றன. நடைபாதை இருக்கிறது. விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. எதையும் இணைக்காத வாசற்படிகள் புல்லுக்குள் கிடக்கின்றன. வீடு மட்டும்தான் இல்லை. எங்கே என்ன இருந்தது என்று பலகை எழுதி நட்டு வைத்திருக்கிறார்கள். நாய்க்குட்டியோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் மகள் பேச்சுக் கொடுத்தாள். அவருடைய அம்மா பிறந்த வீடும் கட்டைமேல் உருண்டு போன வீடுதானாம். இன்னும் அதில் ஆள் குடியிருக்கிறார்களாம். ஒரு புல்திட்டைக் காட்டி, இங்கேதான் அம்மா கயிறு தாண்டி விளையாடினாள் என்றார், அந்த அம்மா இப்போதும் அங்கே குதித்துக்கொண்டிருப்பது போல.

புது ஊரின் பள்ளிக்கூடத்தையும் பார்த்தோம். ஊர் நகரச் சம்மதிக்க ஈடாகக் கிடைத்ததில் அதுதான் பெரியது. 1920-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் செலவழித்துக் கட்டியிருக்கிறார்கள். விக்டர் பவர் என்ற மேயர் சுரங்கக்காரர்களோடு வரிக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டியவர், அந்த வரிப்பணம் இதில் இருக்கிறது. பித்தளைக் கைப்பிடிகள், சுவரோவியங்கள், 1,800 பேர் உட்காரும் அரங்கம், அதில் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து வந்த கண்ணாடிச் சரவிளக்குகள். சுரங்கத்தில் மண் தோண்டியவனின் பிள்ளை உட்கார்ந்து படித்த இடம். இலக்கியத்துக்கு நோபல் வாங்கிய பாப் டிலன் பையனாக இருந்தபோது அந்த மேடையில் பாடியிருக்கிறார். முப்பத்தொரு வருடம் ஓட்டைக் கூரைக்குக் கீழே பாடம் நடத்தியவள் நான். அந்த அரங்கத்தில் நாற்காலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் தாத்தா ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி நாள் இடாஸ்கா ஏரி, மிசிசிப்பி பிறக்கும் இடம். ஏரியிலிருந்து தண்ணீர் வழியும் இடத்தில் கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன, அவற்றின் மேல் நடந்து பெரிய நதியைத் தாண்டிவிடலாம். நானும் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். 1832-இல் இதைக் 'கண்டுபிடித்தவர்' ஸ்கூல்கிராஃப்ட் என்று புத்தகங்களில் இருக்கும். அவரைக் கூட்டிப்போய்க் காட்டியவர் ஓசாவிந்திப் என்ற ஒஜிப்வே பழங்குடித் தலைவர். அவர்கள் மொழியில் இந்த ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது, ஒருவகை மானின் பெயரால். ஸ்கூல்கிராஃப்ட் இரண்டு லத்தீன் சொற்களை வெட்டி ஒட்டிப் புதுப் பெயர் வைத்துவிட்டுப் போனார்.

கோமு, இப்போது உன் நோட்டுக்கு வருகிறேன். அதை எடு. கட்டுரை மாதிரி எழுத வேண்டாம், அதுதான் உன்னை நாலு பக்கத்தில் நிறுத்தியிருக்கும். ஒரு பெரிய தாளில் தெருவைப் போடு. கிணறு எந்தப் பக்கம், கோவில் எந்தப் பக்கம், பஸ் எங்கே நிற்கும், யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு. உனக்குத் தெரியாததை உன் பெரிய அத்தையிடம் கேள். அவருக்கு எண்பத்தாறு ஆகிறது, காலை வேளையில் நினைவு தெளிவாக இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அவர் சொல்லச் சொல்ல உன் தம்பி மகளை எழுதச் சொல். திண்ணையை மட்டும் நீயே உன் கையால் வரை.

நான் செப்டம்பர் இரண்டாம் வாரம் ஊருக்கு வந்துவிடுவேன். மூட்டுவலிக்கு என்று மகள் ஒரு தைலம் வாங்கித் தந்திருக்கிறாள், கொண்டுவருகிறேன். ஹிப்பிங் பக்கம் ரயில் பாதை ஓரத்தில் பேரன் பொறுக்கிய ஒரு இரும்புத்தாது உருண்டையும் இருக்கிறது. நல்ல தாது தீர்ந்த பிறகு மட்டமான பாறையை அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, இப்படிக் கோலிக்குண்டு அளவில் உருட்டித்தான் கப்பலில் ஏற்றுகிறார்களாம். கையில் வைத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறது. உன் படம் காற்றில் பறக்காமல் இருக்க உருண்டையை அதன் மேல் வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் செல்வி