பிரான்ஸ் நாட்டுத் துலூஸில் இருக்கும் செந்திலுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வடக்குவெளி விஷயம் பெரியப்பா சொன்னபடியே முடிந்துவிட்டது, அதை நினைத்து நீ மனசைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. போனில் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

நீ அனுப்பிய போட்டோவில், சதுக்கத்துத் தரையில் பதித்திருந்ததே பன்னிரண்டு முனைச் சிலுவை, அது துலூஸ் பிரபுக்களின் சின்னம். நீ சும்மா டிசைன் என்று எழுதியிருந்தாய். சரித்திர டீச்சர் பிள்ளை! ரிட்டயர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை, உன் ஊர்ச் சரித்திரத்தைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். அந்தப் பிரபுக்களில் நாலாம் ரேமோன் 1096ல் முதல் சிலுவைப் போருக்குப் போனவன். 1105ல் இன்றைய லெபனானில் இருக்கும் திரிப்போலியை முற்றுகையிட்டிருந்தபோதே செத்தான், ஊர் திரும்பவில்லை. வெளிதேசம் போகிறவர்கள் கதையே இப்படித்தான். சும்மா சொன்னேன்.

ஆறாம் ரேமோன் காலத்தில் 1208ல் போப்பின் தூதரை யாரோ கொன்றார்கள், பழி இவன் தலையில் விழுந்தது. மறு வருஷமே வடக்கிலிருந்து படை வந்தது. அதன் தலைவன் சிமோன் த மோன்ஃபோர், 1218ல் உன் ஊர் மதிலுக்கு வெளியே மண்டையில் கல் விழுந்து செத்தான். கல்லெறி பொறியை இயக்கியவர்கள் துலூஸ் பெண்கள் என்று அந்தக் காலத்துப் பாட்டு சொல்கிறது. கவிதாவுக்கு இதைச் சொல், சந்தோஷப்படுவாள். வேளைக்குச் சாப்பிடுகிறாளா அவளும்?

எனக்கு மனசு ஆறாதது மகன் ஏழாம் ரேமோன் கதைதான். சபையிலிருந்து தள்ளிவைத்த நிலையிலேயே தகப்பன் 1222ல் போனதால், புனித மண்ணில் புதைக்க விடவில்லை. இவன் எவ்வளவோ மன்றாடினான், நடக்கவில்லை. அந்த விஷயத்தில் நல்ல பிள்ளை, குறை சொல்லமாட்டேன். 1229 உடன்படிக்கையில் ஒரே மகள் ஜானை, ஒன்பது வயசுக் குழந்தையை, பிரெஞ்சு ராஜா வீட்டில் ஒப்படைத்தான். ராஜாவின் தம்பி அல்போன்சுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும், துலூஸ் அவர்களுக்கே போகும். ஒரு மகன் பிறந்தால் மற்ற நிலங்களாவது குடும்பத்தில் நிற்கும். அந்த ஆசையில் 1241ல், அத்தனை வருஷம் கூட வாழ்ந்த சாஞ்சாவைத் தள்ளிவைத்தான். ஆரகான் ராஜா வீட்டுப் பெண். என்ன பாவம் செய்தாள் அவள்? போர், முற்றுகை, சவுக்கடி என்று அவன் பட்டதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அடுத்து பேசிய சம்பந்தம் கூடவில்லை. அதற்கடுத்து கட்டினதும் ரெண்டே வருஷத்தில் ரத்து. மகனும் பிறக்கவில்லை. 1249ல் அவன் செத்தான். 1271ல் ஜானும் அல்போன்சும் சில நாள் இடைவெளியில் பிள்ளையில்லாமலே போக, மொத்தமும் பிரெஞ்சு ராஜாவுக்கு. சாகும்போது ஏழாம் ரேமோன், தன்னை ரெண்டு வயசில் விட்டுச் செத்துப்போன தாய்க்குப் பக்கத்தில் புதைக்கச் சொன்னானாம். அம்மா பக்கத்தில் படுத்துவிட்டால் சாஞ்சாவுக்குச் செய்தது சரியாகிவிடுமா?

பிள்ளை பற்றி நான் உன்னிடமும் கேட்டதில்லை, அவளிடமும் கேட்டதில்லை. டாக்டர், பரிகாரம் என்று யார் பேச்செடுத்தாலும் நான்தான் வாயை அடைக்கிறேன். உன் அத்தை உட்பட.

உன்னைப்போல் ஒருவன் இந்தத் தெருவில் இல்லை. விமானம் தலைக்கு மேல் போனால் அப்பா இன்னும் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறார். ஆனால் போன மாசம் கவிதாவிடம் கொடு என்றபோது தூங்குகிறாள் என்றாய். இங்கே ராத்திரி எட்டு. அங்கே சாயங்காலம் நாலரை, நல்ல வெயில் அடிக்கும் நேரம். அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. வேலை வேலை என்று கிடக்காதே. போன் வந்தால் எடு.

இதோடு கவிதாவுக்கு ஒட்டின கவர் ஒன்று வைத்திருக்கிறேன். பிரிக்காமல் அவள் கையில் கொடு. அவள் இப்போது வேறு விலாசத்தில் இருந்தால், அதை எனக்கு அனுப்பு, நானே தபாலில் போட்டுக்கொள்கிறேன்.

அம்மா