கமுகம்பூவும் காய்ந்த கொதும்பும் தந்தவர்களுக்கு

எங்கள் சாஸ்தா கோவில் பங்குனி உத்திரத்துக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்,

வணக்கம். உத்திரம் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது. கொல்லம், சென்னை, பெங்களூர் என்று வந்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்து, வீடு அடங்கின பிறகுதான் உட்கார்ந்து எழுத முடிந்தது. வரி கொடுத்த 42 தலைக்கட்டுப் பெயரும் கோவில் நோட்டீஸில் இருக்கிறது. ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் அதில் இல்லை. பலர் எங்களுக்குச் சொந்தமும் இல்லை.

பெரியப்பா போன பிறகு வந்த முதல் உத்திரம் இது. கேரள எல்லையோரம், செங்கோட்டையை அடுத்த புளியரைக்குப் பக்கத்தில், மலையடிவாரக் குளக்கரையில் இருக்கிற சின்னக் கோவில் எங்களுடையது. எந்தப் பீடத்துக்கு என்ன படைக்க வேண்டும், எது முன்னே, எது பின்னே என்பதெல்லாம் பெரியப்பா மனதில்தான் இருந்தது. அவர் இருக்கும்போது கேட்டு எழுதி வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவள், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூர் சித்தப்பாவின் மகள். சித்தப்பா சின்ன வயதிலேயே ஆச்சியின் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கேயே வளர்ந்தவர். படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. இப்போது படுக்கையில் இருக்கிறார். ‘நான் வர முடியாது, இதைக் கொண்டு போ’ என்று ஒரு பழைய நோட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். திறந்து பார்த்தால் முழுக்க மலையாள எழுத்து. ஆனால் தங்கச்சி வாசிக்க வாசிக்க, எல்லாம் நம் தமிழ்! வருஷா வருஷம் அண்ணன் செய்ததைப் பார்த்துப் பார்த்து, தம்பி தனக்குத் தெரிந்த எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

கோவில் திண்ணையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். நாங்கள் ஒவ்வொரு இலையாகப் போட்டோம். சாஸ்தாவுக்குச் சர்க்கரைப் பொங்கல். பேச்சியம்மனுக்கு என்று வந்த இடத்தில் நின்று, “துள்ளுமாவு... அப்படின்னா என்ன அக்கா?” என்று கேட்டாள். அத்தைமார் நாலு பேர் ஒரே நேரத்தில், “பச்சரிசி மாவும் வெல்லமும்டி!” என்றார்கள். கருப்பசாமிக்குச் சுருட்டு. அவருக்குக் கோழி படைக்கும் முன் சாஸ்தா நடையில் திரை போட வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. சித்தப்பா, உங்கள் கையெழுத்து இல்லையென்றால் நாங்கள் தட்டுத் தடுமாறியிருப்போம். நோட்டைத் தங்கச்சியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் வாசித்ததைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

அதே தங்கச்சிதான் சாமியாடிகளுக்குக் கமுகம்பூக் குலையையும், அதாவது பாக்கு மரத்துப் பூவையும், கொண்டு வந்தாள். விரியாத பாளை நாலைந்தை ஈரத் துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். புனலூர்–செங்கோட்டைப் பாதையில் 2010-இல் மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தியதிலிருந்து 2018-இல் அகலப் பாதை முழுதாகத் திறக்கும் வரை, பூ பஸ்ஸில்தான் மலை தாண்டி வந்தது. கூட்டத்தில் நசுங்கி, பாதி வழியிலேயே உதிர்ந்து போகும். இந்த வருஷம் சாமியாடி கையில் பாளையை வாங்கி விரித்தபோது, பூ வெள்ளை வெளேரென்று ஒரு மணி உதிராமல் நின்றது.

சரி, மழைக்கு வருகிறேன். மத்தியானம் வரை வெயில் கொளுத்தியது. மூன்றரை மணிக்குக் கோட்டைவாசல் பக்கம் மலை கறுத்தது. கல் கூட்டி அடுப்பு மூட்டியதும் கோடை மழை பிடித்துக்கொண்டது. பந்தல் போடுவதாக முன்பணம் வாங்கியவர் வரவே இல்லை. வாங்கி வைத்த விறகு மொத்தமும் நனைந்துவிட்டது. பானையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மதினிமார் நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

அப்போதுதான் குளத்துக்கு மேற்கே தோப்பு வீட்டு அம்மா, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே அவர்கள் மகன், தார்ப்பாயோடு. அம்மாவின் கையில் கட்டுக் கட்டாகக் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) சில்லாட்டையும் (தென்னை மட்டையடியில் வலை மாதிரி இருப்பது). வீட்டுப் பரணில் மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்ததாம். “சாமி பொங்கல் நிக்கக் கூடாதும்மா” என்றார்கள், அவ்வளவுதான். கொதும்பு சடசடவென்று பிடித்தது. பொங்கல் நுரை பானையின் கழுத்துக்கு ஏறி, மஞ்சள் கொத்தைத் தொட்டு, ஒரு கணம் நின்று, கிழக்குப் பக்கமாக வழிந்தது. எங்கள் அத்தைக்குத் தொண்டை கட்டியிருந்தது. முதல் குலவையை அந்த அம்மாதான் போட்டார்கள். குழாய் போட்டுத் தண்ணீரும் அவர்கள் தோப்புக் கிணற்றிலிருந்துதான் வந்தது. கரண்டு செலவுக்குக் கொடுத்த பணத்தை வாங்க மறுத்துவிட்டார்கள்.

கீழத்தெருப் பையன்களுக்கும் ஒரு வார்த்தை. ஆச்சிக்கு வயது 86. மழைக்குப் பிறகு வரப்பில் கால் வைக்க முடியாத சகதி. ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து நடைக்கு நேரே இறக்கினீர்கள். ஆச்சி பிறந்தது ஆரியங்காவில், வாழ்க்கைப்பட்டது இங்கே. அவர்கள் பிறந்தபோது இரண்டும் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது, ஆரியங்காவு கேரளப் பக்கமே நின்றுவிட்டது. சாஸ்தாவைக் கும்பிட்டு முடித்து, எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்கள். மூத்த பிள்ளை இல்லாத முதல் உத்திரம் அல்லவா. “அங்கேயிருந்து எல்லாரும் வந்துட்டாகளா?” என்று மட்டும் கேட்டார்கள். வந்துட்டாக ஆச்சி என்று சொல்ல முடிந்தது. அதற்காகவே உங்கள் நாலு பேருக்கும் கோடி நன்றி.

விடிய விடிய வில்லுப்பாட்டுப் பாடிய குழுவினருக்கும், மறுநாள் காலை எங்களுக்கு முன்னே வந்து கோவில் வளாகத்தைக் கூட்டிப் போட்டிருந்த அக்காமாருக்கும் எங்கள் குடும்பத்தார் அத்தனை பேரின் நன்றி.

அப்புறம் ஒரு விஷயம். யார் வீட்டுப் பித்தளைக் கரண்டியோ எங்கள் பாத்திரங்களோடு வந்துவிட்டது. காம்பில் ‘செ’ என்று வெட்டியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாசலோடு போகக் கூடாது, உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
பெரிய வீட்டுப் பேத்தி