சாரணர் சமய விருதுக் குழு: 2025ஆம் ஆண்டின் செயலர் அறிக்கை

மதிப்பிற்குரிய ஆன்ம ஆலோசகர் தந்தை அவர்களுக்கும், தலைவருக்கும், நியூ ஜெர்சி வாழ் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்த நம் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிப்ரவரியில் சாரண ஞாயிறு திருப்பலியில் நம் பிள்ளைகள் சீருடையில் காணிக்கைப் பவனி வந்தனர். மே மாதச் சுற்றுலா மழையால் கைவிடப்பட்டது. அக்டோபரில் செபமாலை வழிபாடு வழக்கம்போல் நடைபெற்றது. அமெரிக்கச் சாரணர் இயக்கம் பிப்ரவரி 8 முதல் ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ என்று பெயர் மாற்றிக்கொண்டதால் கத்தோலிக்கச் சாரணர்களுக்கான நம் சமய விருதுகள் நின்றுவிடுமா என்று சிலர் கவலையோடு கேட்டனர். இவ்விருதுகளை வகுப்பதும் வழங்குவதும் திருச்சபையே. இயக்கம் அவற்றைச் சீருடையில் அணிய அனுமதி மட்டுமே தருகிறது. ஆகவே அக்கவலைக்கு இடமில்லை.

சிறுவர் பிரிவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ‘லைட் ஆஃப் கிரைஸ்ட்’ விருதையும், அதற்கு அடுத்த வயதினருக்கான ‘பார்வுலி தேயி’ விருதையும் பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. இவ்விரண்டிலும் வேலை பெரும்பாலும் வீட்டில், பெற்றோருடன் நடப்பது. குழு செய்ய வேண்டியது அதிகமில்லை. நம்மோடு பழகும் சீரோ மலபார் குடும்பத்துப் பையன், கீழைத் திருச்சபையினருக்கென உள்ள ‘லைட் இஸ் லைஃப்’ விருதுக்குத் தன் பங்கிலேயே பயிற்சி பெறுகிறான் என்பதையும் மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

இனி, ‘அத் அல்தாரே தேயி’. சென்ற பொதுக்குழுவில் இதைப் பற்றித்தான் கேள்வி எழுந்தது: இத்தனை பேர் பதிவு செய்தும் விருது பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாமே, ஏன்? அன்று நேரமின்மையால் நான் விடையளிக்கவில்லை. இவ்வறிக்கையில் அளிப்பது என் கடமை.

ஆறாம் வகுப்பை முடித்த சாரணர்களுக்கான இவ்விருது ஏழு அருளடையாளங்களை (திருமுழுக்கு, திருமணம் போன்ற திருச்சபையின் புனிதச் சடங்குகளை) அடிப்படையாகக் கொண்டது. இது சாரணர் திறமைகளுக்குத் தரப்படும் மெரிட் பேட்ஜ் போன்றதன்று. முகாமிடத் தேவையானவற்றைச் செய்து காட்டினால் முகாமுக்கான பேட்ஜ் கிடைக்கும்; இங்கே எதைச் செய்து காட்டினான் என்பதைவிட, தான் பெற்ற அருளடையாளங்களைத் தன் வாழ்க்கையோடு பையன் சேர்த்துப் பார்த்திருக்கிறானா என்பதே பார்க்கப்படுகிறது. அதனால்தான் முடிவில் மறைமாவட்டக் குழுவின் முன் அமர்ந்து உரையாட வேண்டியிருக்கிறது. மறைக்கல்வி நூலிலிருந்து நகலெடுத்த வரிகள் அந்த மேசையில் செல்லுபடியாவதில்லை.

இவ்வளவு விளக்கியும், மாணவன் நிரப்ப வேண்டிய விருதுப் பயிற்சி ஏடு ஒன்று என் கைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பெயர் வேண்டாம். கால்பந்துப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று கார் நிறுத்துமிடத்திலேயே பானெட்டின் மேல் ஏட்டை விரித்து, ஏழு பகுதிகளிலும் கையெழுத்திடும்படி ஒரு தந்தை கேட்டார். திருமுழுக்கு முதல் திருமணம் வரை ஒரே நீலப் பேனா, ஒரே இரவின் அவசரம். ஞானப்பெற்றோர் பற்றிய பத்தி தாயாரின் கையெழுத்தில் இருந்தது. நான் கையெழுத்திடவில்லை. அதன்பின் அக்குடும்பம் நான் நடத்தும் விருது வகுப்புக்கு வரவில்லை. கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டும் பிள்ளைகளை அனுப்புவோருக்கு என் பிடிவாதம் கசக்கிறது என்பதை அறிவேன்.

மறுபுறம், திருமுழுக்குப் பகுதிக்காக நான் தந்த வீட்டுவேலையை ஒரு மாணவன் செய்த விதத்தையும் உறுப்பினர்கள் அறிய வேண்டும். தான் எங்கே, யார் கையால் திருமுழுக்குப் பெற்றான் என்று கேட்பதற்காகத் தூத்துக்குடியிலுள்ள பாட்டியை வாட்ஸ்அப்பில் அழைத்தவன், பேச்சோடு பேச்சாக, தாத்தாவுக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கு முந்தின மாலை பங்குத்தந்தை வந்து நோயில்பூசுதல் அளித்ததையும், அதன்பின் தாத்தா சுகமாக வீடு திரும்பியதையும் கேட்டறிந்தான். சாகக் கிடப்பவர்களுக்கு மட்டுமே அது என்று அதுவரை எண்ணியிருந்ததாக மறைமாவட்டக் குழுவிடம் அவனே சொன்னான். குழுவில் இருந்த அருள்தந்தை அடுத்த கேள்வியைக் கேட்காமல், தாத்தாவைப் பற்றியே மேலும் சற்று நேரம் பேச வைத்தார். இப்படி ஒருவன் உருவாக மாதங்கள் ஆகும். எண்ணிக்கை வேண்டுமென்றால் எளிதில் காட்டலாம். அதற்கு நான் தேவையில்லை.

வகுப்புகள் தடைபட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 21 வயது நிரம்பிய, பதிவு பெற்ற பெரியவர்கள் இருவர் இல்லாமல் எந்தச் சாரணர் கூட்டமும் நடத்தக் கூடாது. இது இயக்கத்தின் விதி. இளையோர் பாதுகாப்புப் பயிற்சியும் மறைமாவட்டத்தின் பின்னணிச் சரிபார்ப்பும் இதனுடன் சேரும். இவ்விதிகள் ஏன் வந்தன என்பதைக் கடந்த கால வரலாறு அறிந்த எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை; அவற்றைத் தளர்த்த எனக்கு மனமும் இல்லை, அதிகாரமும் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் கைதூக்கிய தன்னார்வலர்களின் பட்டியல் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று. சிலர் இணையவழிப் பயிற்சியையே முடிக்கவில்லை. முடித்தவர்களில் சிலர் வகுப்பு தொடங்கும் நேரத்தில் ‘இன்று வர இயலவில்லை’ என்று செய்தி அனுப்பினர். இரண்டாமவர் வராத மாலைகளில், வந்த பிள்ளைகளை அவர்களுடைய பெற்றோரிடமே ஒப்படைத்துவிட்டு மண்டபத்தைப் பூட்டினேன். ‘செயலர் வகுப்பை ரத்து செய்கிறார்’ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது.

உயர்நிலைப் பள்ளி வயதினருக்கான ‘போப் பயஸ் 12’ விருதுக்கு இவ்வாண்டு யாரும் முன்வரவில்லை. வாழ்க்கை அழைத்தல்களையும் இன்றைய சமூகப் பிரச்சினைகளையும் பற்றிப் பேசிப் பழக வைக்கும் அப்பயிற்சிதான் அந்த வயதுக்கு மிகவும் தேவைப்படுவது என்பது என் கருத்து. பெரியவர்களுக்கு மறைமாவட்டம் அளிக்கும் ‘வெண்கலப் பெலிக்கன்’ (Bronze Pelican) விருதுக்கு நம் சங்கத்திலிருந்து இவ்வாண்டும் பெயர் எதுவும் பரிந்துரைக்கப்படவில்லை. தலைவர் அவர்களுக்குப் பணி மிகுதி. அதை நினைவூட்டுவது செயலருக்கு அழகன்று.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், பெரிய கடன் இல்லை, பெரிய கையிருப்பும் இல்லை. ஏடுகளுக்கும் பதக்கங்களுக்கும் முன்பணம் கட்ட வேண்டியிருந்தபோது சந்தா வராததால் ஒரு பகுதியைச் சிலர் தம் கையிலிருந்து கொடுத்தனர். அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை என்பதால் அது வரவாகிவிடாது. சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

மண்டபம் தந்து உதவிய பங்குத்தந்தைக்கும், மறைமாவட்டச் சாரணர் குழுவினருக்கும், தவறாமல் வந்த அந்த ஓரிரு பெற்றோருக்கும், சிற்றுண்டி அளித்த மகளிர் அணியினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலர் பொறுப்பை ஏற்க விரும்புவோர் இருப்பின் தடையேதும் இல்லை. ஏடுகளும் பதிவேடுகளும் அடங்கிய பெட்டி என் வீட்டு கராஜில் உள்ளது, இன்றே ஒப்படைக்கலாம். எவரும் முன்வராவிட்டால், ஜனவரியில் வகுப்பைத் தொடங்க எனக்குத் தேவைப்படுவது ஒவ்வொரு மாலைக்கும் பயிற்சி பெற்ற இரண்டாமவர் ஒருவர் மட்டுமே. பெயர் எழுதும் தாளைத் தேநீர் மேசையில் சமோசாத் தட்டின் அருகே பேனாவுடன் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு தட்டு காலியானது, தாள் நிரம்பவில்லை.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்