சோலார் பாடத்தை ஒரே துறைக்குள் பூட்டி வைக்காதீர்கள்

மதுரை வட்டாரப் பல்கலைக்கழக, கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

நான் மொட்டை மாடிகளில் சோலார் போட்டுக் கொடுக்கிற ஆள். வருஷா வருஷம் படித்து முடித்த பிள்ளைகள் வேலை கேட்டு வருகிறார்கள். இயற்பியல் படித்த பையனுக்கு சிலிக்கானுக்குள் எலக்ட்ரான் எப்படி நகர்கிறது என்று பலகை நிறைய எழுதத் தெரிகிறது. வில்லாபுரத்தில் ஒரு அம்மா "போட்ட காசு எத்தனை வருஷத்துல திரும்பும் தம்பி?" என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறான். கணக்கு இதுதான்: ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும், 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசின் சூர்யா கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு, ஆனால் நம்மூரில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஏற ஏறத்தான் கட்டணம் கடிக்கும், ஆகவே 200 யூனிட்டோடு நிற்கிற வீட்டுக்கு "இப்போதைக்கு வேண்டாம்மா" என்று சொல்வதுதான் நியாயம். பொருளாதாரம் படித்த பெண் இந்தக் கணக்கை டீ ஆறுவதற்குள் போட்டுவிடுகிறாள். ஆனால் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழுந்தாலே அந்த வரிசையின் உற்பத்தி இறங்கிவிடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருவரும் ஒரே வளாகத்தில் மூன்று வருஷம் படித்தவர்கள்!

சரி, இது என் தொழில் கவலை. இன்னும் பெரிய உதாரணம் மேலூர்ப் பக்கம் இருக்கிறது. அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. 2024-இல் அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் எடுக்க ஏலம் போனது. நாட்டின் முக்கியக் கனிமங்கள் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது. நிலக்கரியை விட்டு சோலார், காற்றாலை என்று போகும் பசுமை மாற்றத்துக்கு இந்தக் கனிமங்கள் வேண்டும் என்பதுதான் அவற்றைத் தோண்டச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. விவசாயிகள் 2025 ஜனவரியில் மதுரை வரை நடந்தே வந்தார்கள், அதே மாதம் ஏலம் ரத்தானது. இது எந்தத் துறையின் பாடம்? பாறையைப் படிக்க ஒருவர், குகையில் உள்ள தமிழி எழுத்தைப் படிக்க ஒருவர், மலையில் கூடு கட்டும் வல்லூறுகளை அறிந்தவர், ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்த 2023 சட்டத்திருத்தத்தை விளக்க ஒருவர், எல்லோரும் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் இருக்கிற சோலார் மின் நிலையமும் அப்படித்தான். 2016-இல் 648 மெகாவாட், ஏறத்தாழ 2,500 ஏக்கர், தண்ணீர் பஞ்சமான ஊர் என்பதால் பேனலைத் துடைக்கக்கூட இயந்திரம். மின்பொறியியல் அங்கே பாதிக் கதைதான்.

பல்துறைப் பாடம் என்று ஏட்டில் நிறையவே எழுதியிருக்கிறோம், தெரியும். ஆனால் ஐந்து துறை ஆசிரியர்கள் ஆளுக்கொரு அலகை நடத்திவிட்டுப் போவதற்குப் பெயர் பல்துறை இல்லை. வகுப்பு நேரம் எந்தத் துறையின் கணக்கில் சேரும் என்ற இடத்தில்தான் இந்த யோசனை எப்போதும் நின்றுவிடுகிறது என்று தெரிந்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அதை ஒரு கூட்டத்தில் பேசித் தீர்க்க முடியாதா? நேரத்தைத் துறைகளுக்குள் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பொதுத்தாள் கேட்கிறேன். தமிழிலும் எழுதலாம் என்று இருக்கட்டும். இரண்டு துறைப் பிள்ளைகள் ஜோடியாக ஒரு வீட்டுக்கோ ஒரு ஊருக்கோ போய், கணக்குப் போட்டு, அறிக்கை கொடுத்தால் அதுவே தேர்வு. வீடு பார்த்துத் தருவது என் பொறுப்பு. ஏணியும் மீட்டரும் என்னிடம் இருக்கின்றன.